வழுக்காத தரை

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்று காலையிலேயே வந்துவிட்டது. நான் இரண்டாவது டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தபோது போலீஸ் ஜீப்பும் வந்தது. லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. எங்கள் தெருவுக்கு வந்த ஜீப் இவ்வளவு மரியாதையாக நின்று நான் பார்த்ததில்லை.

ரேஷன் கார்டில் எங்கள் தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு. ஊரில் குறவன் தெரு என்பார்கள். டவுனில் எங்கு பீரோ உடைந்தாலும் ஜீப் முதலில் இங்குதான் வரும். ஆசிரியர் காலனியில் ஒரு வீட்டில் நகை போயிருக்கிறதாம். அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தணிகாசலம், ஒரு சின்ன விசாரணை. வா, உடனே அனுப்பிடறோம்."

அண்ணன் டைல்ஸ் அறுக்கிற மெஷினை என்னிடம் கொடுத்தான். "பிளேடு புதுசு காஞ்சனா. ஈரம் படாம வை" என்றான். அவ்வளவுதான்.

மத்தியானம் அண்ணியும் நானும் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார் வாசலில் இருந்த ஏட்டு. படிக்கட்டு ஓரத்தில் அண்ணனின் செருப்பு கிடந்தது. வெள்ளை சிமெண்ட் காய்ந்து கிடக்கும் செருப்பு. இடது வாரைச் செம்புக் கம்பியால் அவனே கட்டியிருந்தான்.

"அது அவரு செருப்பு சார்" என்றாள் அண்ணி.

"ஊர்ல எல்லாச் செருப்பும் ஒரே மாதிரிதான்மா இருக்கும். கெளம்பு, கெளம்பு."

எனக்கு இப்படிப்பட்ட இடத்தில் வாய் வராது. எங்குமே வராது. மணி பார்ப்பதற்காகப் போனை எடுத்தேன். பிறகு வந்துவிட்டோம்.

இனிமேல் ஸ்டேஷன் பக்கம் நீ வர வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். தெருவில் முதலில் டிகிரி முடித்தவள் நான். குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. அது முடிகிற வரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டுமாம். அது எனக்குச் சுலபம்.


ஜூன் 4, புதன்

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அண்ணனைப் பார்த்தேன்.

ஒரு சுவருக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. கீழே எழுதியிருந்தது: 'நகைத் திருடன் இன்று காலை கைது. காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். 'அந்த பாத்ரூமுக்கு ஒரு சல்யூட்' என்று தீபிகா போட்டிருந்தாள். மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அண்ணி கட்டிக்கொடுக்கும் புளிச்சோற்றில் பாதி அவளுக்குத்தான் போகும்.

இன்று காலை கைது என்று போட்டிருக்கிறார்கள். நேற்று காலை அல்லவா கூட்டிப்போனார்கள்?

அண்ணி அழுதுகொண்டே இருந்தாள். எதிர்வீட்டு ரோசம்மா அத்தை வந்து போனை வாங்கிப் பார்த்தாள். அண்ணனிடம் சித்தாள் வேலை செய்கிறவள்.

"எங்க வழுக்கி வுழுந்தானாம்?"

"ஸ்டேஷன் பாத்ரூம்ல அத்தை."

அத்தை படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அண்ணி அழுவதை நிறுத்திவிட்டு அவளை முறைத்தாள்.

"இன்னாடி முறைக்கிற? அது நாங்க போட்ட தரைடி."

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்கு முன்னால் எஸ்.ஐ. கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டேஷன் பாத்ரூமுக்குத் தரை போட வேண்டும், கூலி எல்லாம் கிடையாது. எங்கள் தெருக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் டைல்ஸ் ஒட்டினான், அத்தை கலவை சுமந்தாள். டைல்ஸும் இலவசம். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் யூனுஸ் பாய் கொடுத்தார். கடையில் மிச்சம் இருந்தது வீடுகளில் கார் நிறுத்துகிற இடத்தில் போடுவார்களே, அந்தச் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ்தான்.

"அதுல எருமையே வழுக்காது" என்றாள் அத்தை. "அவன் ஒல்லிக்குச்சி, அவனா வழுக்குவான்?"


ஜூன் 5, வியாழன்

அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காலிலும் ஏதோ ஆகியிருக்கிறது. நடக்கும்போது பாதத்தை முழுதாக ஊன்றவில்லை.

மாஜிஸ்திரேட் முகத்தைப் பார்த்தே கேட்டார். "போலீஸ் அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

அண்ணன் திரும்பினான். பின்னால் நின்ற எஸ்.ஐ.யைப் பார்ப்பான் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தான்.

"இல்லீங்கய்யா. வழுக்கி வுழுந்துட்டேன்."

பத்தொன்பதாம் தேதி வரை ரிமாண்ட். கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் எஸ்.ஐ. என்னிடம் வந்தார். "நீதானம்மா கவர்மெண்ட் வேலைக்குப் போகப்போற பொண்ணு? உன் வெரிஃபிகேஷன் என் டேபிள்லதான் இருக்கு. நல்லபடியா எழுதி அனுப்பிடலாம். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன்." மிகவும் அன்பாகச் சொன்னார். என் படிப்பைப் பற்றிக்கூட விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைக்கிறேன் என்று அண்ணி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.


ஜூன் 6, வெள்ளி

தண்ணீர் லாரி வரவில்லை.


ஜூன் 7, சனி

ரோசம்மா அத்தை எங்களை வக்கீல் ஜெனிஃபரிடம் கூட்டிப்போனாள். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒரே அறை, ஃபேன் சத்தம் போடுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீலம்மா பெருமூச்சு விட்டார்.

"அவரே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டாரே. ஆனா அதோட முடிஞ்சு போகல. அவர் பேச பயந்தா வெளிய இருக்கற நீங்க பேசலாம். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். கலெக்டர்கிட்ட போகலாம். ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்கக் கூடாதுன்னு இன்னைக்கே ஒரு மனு அனுப்பறேன். மூணாம் தேதியே அவர் ஸ்டேஷன்ல இருந்தார்ங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். சற்று நேரத்தில் வக்கீலம்மா ஒரு போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்புக் கம்பி கட்டிய செருப்பு, படிக்கட்டு, மேலே காவல் நிலையத்தின் பெயர்ப்பலகை. தேதியும் நேரமும் படத்திலேயே இருந்தன.

"யாரு எடுத்தது?" என்றார். அண்ணிதான் பதில் சொன்னாள்.

அத்தை குறுக்கிட்டாள். "கேமராவா? ரிப்பேருன்னுவாங்க. நான் ஒண்ணு கேக்கறேன் வக்கீலம்மா. ஒரு தரை சரியில்லன்னா, போட்டவங்கதான வந்து பாக்கணும்?"

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் மனு தயாரானது. அத்தை சொல்லச் சொல்ல எழுதியது. நான் வார்த்தைகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். நடுவில் ஒரு பத்தி:

'மேற்படி காவல் நிலையக் கழிவறையின் தரையைக் கூலி பெறாமல் அமைத்தவர்கள் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள். அத்தரை வழுக்குவதாகச் செய்தி வந்துள்ளது. ஆனால் எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே அங்கு வழுக்கி விழுகிறார்கள். தினமும் அதே கழிவறையைப் பயன்படுத்தும் காவலர்கள் ஒருவர்கூட இதுவரை விழவில்லை. இந்தத் தரை ஆள் பார்த்து வழுக்குவது எப்படி என்று ஆய்வு செய்து, எங்கள் வேலையில் குறையிருந்தால் நாங்களே சரிசெய்து தர அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

அத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள். "நான் இவ்ளோ நல்லாவாடி சொன்னேன்?" என்றாள்.


ஜூன் 9, திங்கள்

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். யூனுஸ் பாயும் கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களுக்கு எதுக்கு பாய் இந்த வம்பு? வியாபாரம் கெட்டுடும்" என்றாள் அண்ணி.

"என் கடை டைல்ஸ் வழுக்கி ஒருத்தன் கை ஒடிஞ்சுதுன்னு ஊர் பூரா படம் சுத்துது. அதுல மட்டும் வியாபாரம் வளருமா?" என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "தணிகா என் கடைக்கு எத்தனை வருஷமா வர்றான். ஒரு ஆணி அதிகமா எடுத்ததில்லம்மா" என்றார்.

கேட்டில் எல்லோருடைய பைகளையும் சோதிக்கிறார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக்கொள்வார்களோ என்ற பயம். எங்கள் பையில் பாய் கொடுத்த ஒரு பார்க்கிங் டைல்ஸும் ஒரு சோப்பும் இருந்தன. சோதித்த பெண் போலீசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிட்டார்.

வரிசை நகரவே இல்லை. அத்தை டைல்ஸை முற்றத்தில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். சோப்பைத் தேய்த்து நுரை வர வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் ஏறி நின்றாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

"பாருங்க சார், பாருங்க. ஸ்டேஷன் தரை. யார் வேணா ஏறலாம். போலீஸ்காரங்க ஏறினா வழுக்காது, குறவன் ஏறினா வழுக்கும்னு சொல்றாங்க. எனக்கே வழுக்கலியே."

பட்டா மாற்ற வந்த பெரியவர் ஒருவர் ஏறிப் பார்த்தார். முதியோர் பென்ஷனுக்கு வந்த ஒரு அம்மா ஏறினார். சிரித்துக்கொண்டே வந்த ஒரு காலேஜ் பையன் ஏறியதும் சிரிப்பை நிறுத்தினான். எல்லோரும் போனில் எடுத்தார்கள்.

எங்கள் முறை வந்ததும் கலெக்டர் மனுவைப் படித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்பவும் மேலேயிருந்து படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு "நான்தான் சார்" என்று ஒரு குரல் வந்தது.

வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று மனுவின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சோப்பு வாசனை அடித்தது.


ஜூன் 10, செவ்வாய்

அத்தை குதிக்கிற வீடியோ எங்கும் ஓடுகிறது. தெருவில் சண்டை. நாளைக்கு ஜீப் வந்தால் உங்கள் வீட்டோடு நிற்குமா என்று மூன்றாம் வீட்டு மாமா கத்தினார். அவர் சொல்வதும் பொய்யில்லை. போன வருடம் அவர் மகனுக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குக்கூட வருவதில்லை.

"அப்ப யாரும் கேக்கல. அதான் இப்ப இவனுக்கு" என்றாள் அத்தை. மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தீபிகா மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'சாரிடி. அது உன் அண்ணன்னு தெரியாது.'

'என் அண்ணனா இல்லாம இருந்தா?' என்று கேட்டேன்.

ஆன்லைனில்தான் இருந்தாள். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.


ஜூன் 12, வியாழன்

காலையில் அத்தை மூச்சு வாங்க ஓடிவந்தாள். டவுனில் வீடு இடிக்கிற கழிவெல்லாம் எங்கள் தெரு முனையில், ஏரிக்கரையில்தான் கொட்டுவார்கள். யாரையும் கேட்பதில்லை. நேற்று கொட்டியதில் உடைந்த பார்க்கிங் டைல்ஸ் கிடந்ததாம். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டது. போய்ப் பார்த்தோம். அதே டைல்ஸ்தான். ஊரில் இவ்வளவு குட்டை இருக்கிறது, அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே கொட்டியிருக்கிறார்கள். பழக்கதோஷம்.

அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, சிமெண்ட் சட்டியில் அள்ளிக்கொண்டோம்.

பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். வக்கீலம்மா, அத்தை, அண்ணி, நான். பாத்ரூம் கதவைத் திறந்ததும் கண் கூசியது. முழுக்க வெள்ளை டைல்ஸ். கண்ணாடி போல இருந்தது.

"நீங்களே பாருங்க மேடம், எவ்வளவு வழுக்குதுன்னு" என்றார் எஸ்.ஐ.

ஆர்.டி.ஓ. அம்மா ஜாக்கிரதையாக ஒரு காலை வைத்தார். டைல்ஸ் ஓரமாக நகர்ந்தது. இடுக்கிலிருந்து சிமெண்ட் பால் பிதுங்கி அவர் செருப்பில் ஒட்டியது.

"பாத்து மேடம்" என்றாள் அத்தை. "இன்னும் காயவே இல்ல."

பிறகு அத்தை வெளியே போய்ச் சட்டியைத் தூக்கிவந்தாள். ஸ்டேஷன் வராந்தாவில் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாகச் சிதறியது. எங்களிடம் இருந்த முழு டைல்ஸைப் பக்கத்தில் வைத்தாள். ஆர்.டி.ஓ. அம்மா குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"எதுக்கு மாத்தினீங்க?"

"பராமரிப்பு வேலை மேடம்" என்றார் எஸ்.ஐ.

"வழுக்காததைப் பேத்துட்டு வழுக்கறதைப் போடறதுதான் பராமரிப்பா?"

இதைக் கேட்டது ஆர்.டி.ஓ. அம்மா இல்லை. எல்லோரும் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது எஸ்.ஐ. என் அருகில் வந்து, "வெரிஃபிகேஷன் இன்னும் அனுப்பலம்மா" என்றார். இந்த முறை அன்பாகச் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.


ஜூன் 16, திங்கள்

கிளைச் சிறையில் மனு போட்டு அண்ணனைப் பார்த்தோம். நடுவில் கம்பி வலை. கட்டுக்குள் அரிக்கிறது என்றான். கட்டிங் மெஷினை ஈரத்தில் வைக்கவில்லையே என்று கேட்டான். வக்கீலம்மா சொல்லச் சொன்னதைச் சொன்னோம்: பத்தொன்பதாம் தேதி மாஜிஸ்திரேட் மறுபடி கேட்பார், உள்ளதைச் சொல்லலாம்.

"அதெல்லாம் வேணாம். இவளுக்கு வேலை வரட்டும்" என்றான் அண்ணன். "கை சேந்துடும். வேலை போனா வருமா?"

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. பார்வை நேரம் முடிந்ததாக வார்டன் வந்து அதட்டியது நினைவிருக்கிறது. அண்ணி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது இது: "அந்த வேலைல உக்காந்து நான் இன்னா எழுதப்போறேன், அடுத்தவன் ஒருத்தன் வழுக்கி வுழுந்தான்னு டைப் அடிக்கவா, அந்தச் சம்பளத்துல எனக்கு எப்படிச் சோறு எறங்கும்னு கேட்டா. அவரு அப்படியே நின்னுட்டாரு."

அண்ணி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்.


ஜூன் 19, வியாழன்

ரிமாண்ட் நீட்டிப்பை வீடியோவிலேயே முடித்துவிடுவார்களாம். நேரில் கொண்டுவர வேண்டும் என்று வக்கீலம்மா மனுப் போட்டிருந்தார். எங்களிடம் ஒன்றுதான் சொன்னார். "கோர்ட் எல்லாருக்கும் பொது. கத்த வேணாம், கோஷம் வேணாம். வந்து சும்மா உக்காருங்க."

அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் வந்தார்கள். பாய் வந்தார். கலெக்டர் ஆபீசில் டைல்ஸில் ஏறிய பட்டாக்காரப் பெரியவர்கூட வந்திருந்தார். மூன்றாம் வீட்டு மாமா வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் தீபிகா. நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். அண்ணி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கமும் நீட்டினாள்.

அண்ணனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் பின்னால் எஸ்.ஐ. நெருங்கி நின்றார். மாஜிஸ்திரேட் அவரைக் கதவுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். பிறகு கேட்டார். "ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

அண்ணன் திரும்பினான். இந்த முறை என்னை மட்டும் பார்க்க முடியவில்லை. இடம் முழுக்க நாங்கள்தான் இருந்தோம்.

"அய்யா, நான் வழுக்கலைங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"அது நான் போட்ட தரைங்க. நல்லாப் போட்ட தரை. அதுல யாரும் வழுக்க மாட்டாங்க. கைய மேசை மேல வெச்சுப் புடிச்சுக்கினு லத்தியால அடிச்சாங்க. அடுத்த தபா உளி புடிக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. கால்லயும் அடிச்சாங்க. செவ்வாய்க்கெழமையே கூப்ட்டுக்கினு போய்ட்டாங்கய்யா."

மாஜிஸ்திரேட் அவரே எழுதினார். வேறு ஊர் அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் குழு அண்ணனைப் பரிசோதிக்க வேண்டும், செருப்புப் படத்தையும் ஆர்.டி.ஓ. அறிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மூன்றாம் வீட்டு மாமா வெளியே வந்ததும் திருப்பூருக்குப் போன் போட்டார். "நீயும் எழுதிக் குடுடா. இங்க எழுதித் தர ஆள் இருக்குது" என்றார்.


ஜூன் 24, செவ்வாய்

நேற்று அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தது. வந்ததும் மெஷினைத்தான் முதலில் பார்த்தான். எஸ்.ஐ.யை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அது தண்டனை இல்லை, அவர் மேல் வழக்குப் பதிவாகும் வரை விடக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த திங்களும் கலெக்டர் ஆபீஸ் போகிறோம்.

இன்று காலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். சின்ன வயது, புது ஆள். என் வெரிஃபிகேஷனுக்காம். அண்ணி நாற்காலி போட்டாள். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு உள்ளே போய்விட்டான். தெரு முழுக்கக் குடங்களோடு எங்கள் வாசலைப் பார்த்து நின்றது.

அவர் படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு பெயர், படிப்பு எல்லாம் கேட்டார். பிறகு தயங்கி, "குடும்பத்துல யார் மேலயாவது கேஸ் இருக்காம்மா?" என்றார்.

"இருக்கு சார்" என்றேன். "எங்க அண்ணன் மேல உங்க ஸ்டேஷன் போட்டது ஒண்ணு. உங்க ஸ்டேஷன் மேல நாங்க குடுத்தது ஒண்ணு. ரெண்டையும் எழுதுங்க."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாவதை எழுத இதுல எடம் இல்லையே."

"பின்பக்கம் காலியா இருக்கு சார்" என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா எழுதவில்லை. உள்ளே போய் என்னுடையதை எடுத்துவந்து கொடுத்தேன்.